லோஜ்பானில் 'விடலாம்' எனப்படும் சொற்கள்: எப்போது விடலாம், விட்டால் என்ன ஆகும்?

கேள்வி இது: லோஜ்பான் இலக்கண மயக்கமே இல்லாத, அதாவது ஒரு வாக்கியத்தை இரண்டு விதமாகப் பகுக்க இடமே தராத, செயற்கை மொழி என்று அறிமுகப் பாடங்கள் எல்லாம் சொல்கின்றன. அதே பாடங்களில் 'கு', 'ஷு', 'கெய்', 'வௌ' போன்ற சொற்கள் வரும்போது "இதை விட்டுவிடலாம்" என்றும் எழுதியிருக்கிறது. சொற்களை இஷ்டத்துக்கு விடலாம் என்றால் மயக்கம் எப்படி வராமல் இருக்கும்? வராது என்றால் அந்தச் சொற்கள் எதற்கு?

நல்ல கேள்வி. பாடங்களில் இதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் அரைகுறையாக இருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சுருக்கமான விடை: அந்தச் சொற்களை விடுவது உங்கள் விருப்பத்தைப் பொறுத்ததில்லை, அடுத்து வரும் சொல்லைப் பொறுத்தது. ஒரே சொல்லை ஒரு வாக்கியத்தில் விட்டால் எதுவும் மாறாது. இன்னொரு வாக்கியத்தில் விட்டால் வேறு பொருள் வந்துவிடும். அப்படி வரும் வேறு பொருளும் ஒன்றே ஒன்றாகத்தான் இருக்கும். 'மயக்கம் இல்லை' என்ற வாக்குறுதி இந்த இடத்தில்தான் நிற்கிறது. நீங்கள் சொன்ன சொல்வரிசைக்கு ஒரே ஓர் அமைப்புதான் உண்டு என்று மொழி உறுதி தருகிறது. நீங்கள் நினைத்தது அந்த அமைப்புதானா என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை.

பின்னணி தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஜேம்ஸ் குக் பிரவுன் 1955-இல் லோக்லான் என்ற தர்க்க மொழியை உருவாக்கத் தொடங்கினார். மொழி சிந்தனையை எவ்வளவு தூரம் வடிவமைக்கிறது என்று சோதிப்பது அதன் நோக்கம். 1987-இல் அதிலிருந்து பிரிந்த குழு ஒன்று, அதே கொள்கையில் புதிய சொற்களோடு கட்டியதுதான் லோஜ்பான். ஜான் கோவன் எழுதிய முழு இலக்கண நூல் 1997-இல் வெளிவந்தது. இலக்கணத்தைக் கணினி படிக்கும் விதிகளாகவே எழுதியது இம்மொழியின் தனிச்சிறப்பு. கீழே லோஜ்பான் சொற்களை ஒலிக்கு நெருக்கமாகத் தமிழில் எழுதுகிறேன்.

மிக எளிய வாக்கியத்திலிருந்து தொடங்குவோம். 'கெர்கு' என்றால் நாய், 'பஜ்ரா' என்றால் ஓடுதல். 'லோ' என்பது பின்னால் வரும் சொல்லைப் பெயராக்கும். நாய் ஓடுகிறது என்று சொல்ல நினைத்து ஒருவர் இப்படி எழுதுகிறார்:

லோ கெர்கு பஜ்ரா

இது வாக்கியமே ஆகாது. லோஜ்பானில் பெயர், வினை என்று தனித்தனி வகை கிடையாது. 'கெர்கு', 'பஜ்ரா' இரண்டும் ஒரே இனம். அத்தகைய சொற்கள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் முன்னது பின்னதற்கு அடையாகிவிடும். எனவே 'லோ' தொடங்கிய பெயர்த்தொடர் 'கெர்கு'வோடு நிற்காமல் 'பஜ்ரா'வையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கிடைப்பது 'நாய்த்தனமாக ஓடுபவர்' என்பது போன்ற ஒரு பெயர் மட்டுமே. அவர் என்ன செய்தார் என்பது வரவே இல்லை.

சரி செய்ய இரண்டு வழிகள் உண்டு:

லோ கெர்கு கு பஜ்ரா
லோ கெர்கு ஷு பஜ்ரா

இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான், நாய் ஓடுகிறது. ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு. 'கு' என்பது 'லோ' திறந்ததை மூடுகிறது. 'ஷு' எதையும் நேரடியாக மூடுவதில்லை. 'இனி வாக்கியத்தின் பயனிலை வருகிறது' என்று அறிவிக்கிறது. பயனிலை வர வேண்டுமானால் அதற்கு முன் திறந்து கிடப்பவை எல்லாம் மூடியாக வேண்டும் என்பதால் அவை தாமாக மூடிக்கொள்கின்றன. இந்த வேறுபாட்டின் பலன் பெரிய வாக்கியங்களில் தெரியும், பிறகு வருகிறேன்.

அதே சமயம் 'மி க்லாமா' என்றால் 'நான் போகிறேன்'. இங்கே 'ஷு' தேவையில்லை. 'மி' தானே முடிந்த ஒரு சொல், பின்னால் வருவதை இழுத்துக்கொள்ளும் சக்தி அதற்கு இல்லை. 'மி ஷு க்லாமா' என்று எழுதினாலும் தவறில்லை. ஆக 'ஷு' ஓரிடத்தில் கட்டாயம், ஓரிடத்தில் வெறும் அழகு. இரண்டு இடங்களையும் பிரிப்பது அடுத்த சொல் எங்கே போய் ஒட்டும் என்ற ஒரே கேள்விதான்.

அந்தக் கேள்விக்கான விதியை என் சொற்களில் சொல்கிறேன். வாக்கியத்தில் எந்த நேரத்திலும் சில அமைப்புகள் திறந்தே இருக்கும், ஒன்றுக்குள் ஒன்றாக. புதிய சொல் வந்ததும், திறந்திருப்பவற்றில் மிக உள்ளே இருப்பது அதை ஏற்றுக்கொள்ளுமா என்று பார்க்க வேண்டும். ஏற்றால் அங்கேயே சேரும். ஏற்க முடியாவிட்டால் அந்த அமைப்பு மூடிக்கொள்ளும், அதற்கு வெளியே இருப்பதிடம் அதே கேள்வி போகும். மூடும் சொல்லை நீங்கள் வெளிப்படையாகச் சொன்னால் இந்தத் தேடல் நடக்காமலேயே மூடிவிடும். பாடநூல்கள் "மயக்கம் வராதபோது விடலாம்" என்று எழுதுகின்றன. அது பிழையில்லை. ஆனால் புதிதாகக் கற்பவருக்கு அது உதவாது, ஏனென்றால் மயக்கம் வருமா என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் விதியையே கேட்கிறார். 'மிக உள்ளே இருப்பது முதலில் இழுக்கும்' என்று மனதில் வைத்தால் பெரும்பாலான இடங்களில் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஏற்குமா என்பது முழுக்க இலக்கணம் சார்ந்தது. பொருள் பொருந்துகிறதா என்று மொழி பார்ப்பதே இல்லை. இதை நன்றாகக் காட்டும் வாக்கியம்:

மி ஜிஷா லோ நு தோ க்லாமா கெய் லோ நு மி க்லெகி

'ஜிஷா' என்பது விரும்புதல். அதற்கு மூன்று இடங்கள் உண்டு: விரும்புபவர், விரும்பப்படுவது, எதற்காக என்பது. 'நு' ஒரு நிகழ்வைத் தொடங்குகிறது, 'கெய்' அதை முடிக்கிறது. 'தோ' நீ, 'க்லெகி' மகிழ்தல், 'க்லாமா' போதலுக்கும் வருதலுக்கும் பொது. எனவே, 'நான் மகிழ்வதற்காக, நீ வருவதை விரும்புகிறேன்'. இப்போது 'கெய்'யை எடுத்துவிடுங்கள்:

மி ஜிஷா லோ நு தோ க்லாமா லோ நு மி க்லெகி

'க்லாமா'வுக்கு ஐந்து இடங்கள்: போகிறவர், போய்ச் சேரும் இடம், புறப்பட்ட இடம், வழி, போகும் சாதனம். அதில் இன்னும் நான்கு காலியாக இருக்கின்றன. இரண்டாவது 'லோ நு…' வந்ததும் உள்ளே இருக்கும் 'க்லாமா' அதைச் சேரிடமாக ஏற்றுக்கொள்கிறது. கிடைப்பது, 'என் மகிழ்ச்சி என்ற நிகழ்வை நோக்கி நீ பயணம் செய்வதை விரும்புகிறேன்'. மனிதர் யாரும் அப்படி நினைத்துப் பேச மாட்டார்கள். கேட்பவர் சிரித்துக்கொண்டே சரியான பொருளை ஊகித்தும் விடுவார். ஆனால் லோஜ்பான் இலக்கணப்படி அந்தச் சொல்வரிசைக்கு அது ஒன்றே பொருள். 'கெய்' இல்லாத வாக்கியத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம் என்று சொல்வது தவறு. அதற்கு ஒரே படிப்புதான், பேசியவர் எண்ணியது அது இல்லை, அவ்வளவுதான்.

சிலர் இடத்தைச் சுட்டும் ஒட்டுச்சொற்களைப் போட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறார்கள். 'ஃபெ' இரண்டாம் இடத்தையும் 'ஃபி' மூன்றாம் இடத்தையும் குறிக்கும். 'மி ஜிஷா ஃபி லோ நு மி க்லெகி ஃபெ லோ நு தோ க்லாமா' என்று எழுதிப் பார்க்கிறார்கள். இது இன்னும் ஆபத்து. அந்த 'ஃபெ' வரும்போது உள்ளே திறந்திருப்பது 'க்லெகி', அதற்கும் இரண்டாம் இடம் உண்டு: எதைக் குறித்து மகிழ்ச்சி என்பது. எனவே 'நீ வருவதைக் குறித்து நான் மகிழ வேண்டும் என்பதற்காக ஏதோ ஒன்றை விரும்புகிறேன்' என்று ஆகிவிடும். முந்தைய வாக்கியம் அபத்தமாக ஒலித்ததால் பிழை கண்ணில் பட்டது. இது சாதாரண வாக்கியம் போலவே ஒலிப்பதால் யாரும் திருத்த மாட்டார்கள். இலக்கணம் விழித்திருக்க வேண்டிய இடங்கள் இவைதான்.

தப்பிக்க நல்ல வழி ஒன்று உண்டு, வரிசையை மாற்றுவது:

லோ நு தோ க்லாமா ஷு ஸெ ஜிஷா மி லோ நு மி க்லெகி

'ஸெ' முதல் இரண்டு இடங்களையும் மாற்றிப் போடுகிறது. 'நீ வருவது என்னால், நான் மகிழ்வதற்காக, விரும்பப்படுகிறது.' இங்கே 'கெய்' இல்லை. 'ஷு' வந்ததும் உள்ளே இருக்கும் 'நு' வாக்கியம் 'எனக்கு ஏற்கெனவே பயனிலை இருக்கிறது, இன்னொன்று வேண்டாம்' என்று மூடிக்கொள்கிறது. முன்பு சொன்ன வேறுபாட்டை இப்போது பாருங்கள். 'நீ ஜர்ஷிக்கு, அதாவது சந்தைக்கு, வருவது எனக்கு நல்லது' என்பதை எல்லா மூடுசொற்களோடும் எழுதினால் ('ஹம்கு' நல்லது, 'வௌ' பயனிலையின் உறுப்புகளை முடிக்கும் மூடுசொல்):

லோ நு தோ க்லாமா லோ ஜர்ஷி கு வௌ கெய் கு ஷு ஹம்கு மி வௌ

'ஜர்ஷி'க்கும் 'ஹம்கு'வுக்கும் நடுவே நான்கு மூடுசொற்கள். 'ஷு' இருந்தால் நான்கையும் விடலாம்: 'லோ நு தோ க்லாமா லோ ஜர்ஷி ஷு ஹம்கு மி'. 'ஷு'வுக்குப் பதில் ஒரு 'கு' மட்டும் போட்டால் போதாது. அந்தக் 'கு' உள்ளே இருக்கும் 'லோ ஜர்ஷி'யைத்தான் மூடும். அடுத்து வரும் 'ஹம்கு' நிகழ்வுத் தொடரோடு ஒட்டி அடைத்தொடராகிவிடும், வாக்கியம் பயனிலை இல்லாமல் நிற்கும். கற்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, 'லோ'வில் தொடங்கும் எழுவாய்க்குப் பின் கண்ணை மூடிக்கொண்டு 'ஷு' போடுங்கள். ஒரே அசை, நான்கு சொற்களின் வேலையைச் செய்கிறது. இம்மொழியில் எனக்கு மிகவும் பிடித்த சொல்லும் அதுதான்.

வாக்கியத்தின் கடைசியில் நிலைமை இன்னும் எளிது. 'நீ சந்தைக்குப் போகிறாய் என்று எனக்குத் தெரியும்' என்பது 'மி ஜூனோ லோ துஹு தோ க்லாமா லோ ஜர்ஷி'. 'ஜூனோ' தெரிதல், 'துஹு' 'நு'வைப் போலவே உள்வாக்கியத்தைத் தொடங்கும் சொல். முழுதாக மூடினால் கடைசியில் 'கு வௌ கெய் கு வௌ' என்று ஐந்து சொற்கள் குவியும். எட்டுச் சொல் வாக்கியத்துக்கு ஐந்து சொல் வால்! வாக்கியம் முடிந்ததும், அல்லது அடுத்த வாக்கியத்தைத் தொடங்கும் 'இ' என்ற சொல் வந்ததும், எல்லாம் ஒரேயடியாக மூடிக்கொள்ளும் என்பதால் யாரும் அவற்றைச் சொல்வதில்லை. விட அனுமதி ஏன் வைத்தார்கள் என்பதற்கும் இதுவே விடை. கட்டாயமாக்கியிருந்தால் மொழியைப் பேசவே முடியாது. அறவே நீக்கியிருந்தால் நடுவில் மூட வேண்டிய இடங்களில் வழி இருக்காது.

தமிழ் வாசகருக்கு இது விசித்திரமாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் மொழி நேரெதிராக நடக்கிறது. 'அவர் நாளை வருவார் என்று சொன்னார்' என்னும் வாக்கியத்தில் சொல்லப்பட்ட செய்தி எங்கே முடிகிறது என்பதை 'என்று' துல்லியமாகக் காட்டுகிறது. எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்ட எதுவும் இல்லை. 'அவர்' உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா? தம் வருகையைப் பற்றி அவரே சொன்னாரா, வேறொருவர் அவரைப் பற்றிச் சொன்னாரா? 'நேற்று வந்த பையனின் அப்பா' என்றால் வந்தது பையனா அப்பாவா என்பதும் அப்படித்தான். தமிழ் முடிவைக் கட்டாயமாக்கித் தொடக்கத்தை ஊகத்துக்கு விடுகிறது. லோஜ்பான் தொடக்கத்தைக் கட்டாயமாக்குகிறது: 'லோ', 'நு', பின்னால் பார்க்கப்போகும் 'நொய்' எதையும் விட அனுமதியில்லை. முடிவை விடலாம், ஆனால் எங்கே முடிந்தது என்பதை விதி தீர்மானிக்கும், ஊகம் தீர்மானிக்காது.

இதுவரை பார்த்தவை கொஞ்சம் படித்தவர்களுக்குத் தெரிந்தவை. மூடும் சொல் வாக்கியத்தின் உண்மைப் பொருளையே மாற்றும் இடங்கள் சில உண்டு, அவற்றைப் பாடங்கள் போதுமான அளவு அழுத்திச் சொல்வதில்லை.

ஒன்று, 'வௌ'. இதை யாரும் பயன்படுத்துவதில்லை என்று நினைக்காதீர்கள். 'கிஹெ' இரண்டு பயனிலைகளை 'உம்' போலச் சேர்க்கும். 'நெல்ஷி' பிடித்தல், 'பொன்ஸெ' உடைமையாக வைத்திருத்தல், 'ஷுக்தா' புத்தகம்.

மி நெல்ஷி கிஹெ பொன்ஸெ லோ ஷுக்தா

இங்கே புத்தகம் இரண்டாவது பயனிலைக்கு மட்டும் உரியது. 'எனக்கு ஏதோ ஒன்று பிடிக்கும், என்னிடம் புத்தகம் இருக்கிறது.' பிடிப்பது புத்தகம்தான் என்று வாக்கியம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமானால்:

மி நெல்ஷி கிஹெ பொன்ஸெ வௌ லோ ஷுக்தா

'வௌ' இரண்டாவது பயனிலையின் சொந்த உறுப்புகளை முடித்துவிடுகிறது. அதற்குப் பின் வரும் புத்தகம் இரண்டுக்கும் பொதுவாகிறது. முதல் வாக்கியத்தைப் படிக்கும் பலர் பொதுவான பொருளையே எடுத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் அவரவர் தாய்மொழியில் அப்படித்தான் வரும். லோஜ்பானில் அது வராது.

இரண்டு, காலச்சொற்களுக்குப் பின் வரும் 'கு'. 'பு' இறந்தகாலத்தைக் குறிக்கும். 'பு கு மி க்லாமா' என்றால் 'முன்பு நான் போனேன்'. 'கு'வை விட்டு 'பு மி க்லாமா' என்றால் 'பு' அடுத்து நிற்கும் 'மி'யைத் தன் உறுப்பாக்கிக்கொள்ளும்: 'எனக்கு முன்பு, யாரோ போகிறார்'. போகிறவரே மாறிவிட்டார். இரண்டும் முழு வாக்கியங்கள், இரண்டும் சரியான இலக்கணம், கணினியும் பிழை காட்டாது. தொடக்கநிலை எழுத்துகளில் நான் அடிக்கடி பார்ப்பது இந்தத் தவறுதான்.

மூன்றாவது மிக நுட்பமானது, இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'நொய்' ஒரு பெயருக்குக் கூடுதல் செய்தி சேர்க்கும் வாக்கியத்தைத் தொடங்குகிறது. 'ரெ' இரண்டு, 'மு' ஐந்து, 'ப்ரெனு' மனிதர், 'ஷெர்து' வல்லுநர். 'லெ' என்பது 'லோ'வைப் போன்றது, பேசுபவர் மனதில் குறிப்பாக வைத்திருப்பவர்களைச் சுட்டும்.

ரெ லெ மு ப்ரெனு நொய் ஷெர்து ஷு க்லாமா
ரெ லெ மு ப்ரெனு கு நொய் ஷெர்து ஷு க்லாமா

இரண்டிலும் அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் போகிறார்கள். முதல் வாக்கியத்தில் 'நொய்' பெயர்த்தொடருக்கு உள்ளேயே சேர்கிறது, ஆகவே ஐந்து பேருமே வல்லுநர்கள். இரண்டாவதில் 'கு' தொடரை மூடிவிட்டதால் 'நொய்' வெளியே நின்று மொத்தத்தோடு சேர்கிறது, ஆகவே போகும் அந்த இரண்டு பேர்தான் வல்லுநர்கள். மற்ற மூவரைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு 'கு' இருக்கிறதா இல்லையா என்பதில் மூன்று மனிதர்களின் தகுதி அடங்கியிருக்கிறது! இங்கே 'கு' இல்லாமையும் ஒரு செய்திதான். இதைப் புரிந்துகொண்ட பிறகு 'விடலாம்' என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகத் தெரியவில்லை.

நான்காவது உணர்ச்சிச் சொற்கள். மகிழ்ச்சியைக் காட்டும் 'வீ' போன்ற சொற்கள் தமக்கு முன்னால் இருக்கும் சொல்லோடு ஒட்டும். 'லோ கெர்கு வீ ஷு பஜ்ரா' என்றால் மகிழ்ச்சி 'நாய்' என்ற தன்மையைப் பற்றியது, அது நாயாக இருப்பதில் மகிழ்ச்சி. 'லோ கெர்கு கு வீ ஷு பஜ்ரா' என்றால் அந்தக் குறிப்பிட்ட நாயைப் பற்றி. 'லோ கெர்கு ஷு பஜ்ரா வௌ வீ' என்றால் ஓடுவது உட்பட முழு நிகழ்வையும் பற்றி. சொல்லாமல் விட்ட மூடுசொல்லின் மேல் எதையும் ஒட்ட முடியாது. ஆகவே வேறெந்தத் தேவையும் இல்லாத இடத்திலும் 'கு'வையும் 'வௌ'வையும் வெளியே கொண்டுவர வேண்டியிருக்கிறது.

விளிக்கும் சொற்களிலும் இதே கதை. 'தொய் பெந்தோ கோ க்லாமா' என்றால் 'நண்பா, வா'. 'பெந்தோ' நண்பன், 'கோ' ஏவல் சொல், அது பெயரோடு ஒட்டாது என்பதால் விளி தானே முடிகிறது. 'தொய் பெந்தோ க்லாமா' என்றால் 'நண்பனாய்ப் போகிறவரே' என்ற விளி மட்டும்தான். 'நண்பா, யாரோ வருகிறார்' என்று எச்சரிக்க நினைத்தால் நடுவில் 'தோஹு' வேண்டும். மேற்கோளை மூடும் 'லிஹு' பெயரளவில் விடக்கூடியது. ஆனால் மேற்கோளுக்குள் எந்த வாக்கியமும் தொடரலாம் என்பதால், பேச்சு முழுவதும் அங்கேயே முடிந்தால் ஒழிய அதை விட வழியில்லை. இலக்கணமற்ற சொற்களை மேற்கோள் காட்டும் 'லோஹு'வுக்கு 'லெஹு' கட்டாயம். உள்ளே என்ன வேண்டுமானாலும் இருக்கலாம் என்னும்போது விதியால் முடிவைக் கண்டுபிடிக்க இயலாது.

இனி கேள்வியின் ஆழமான பகுதி. 'மயக்கம் இல்லை' என்பதை யார், எப்படி நிரூபித்தார்கள்? விடும் அனுமதி அந்த நிரூபணத்தைக் குலைக்காதா?

ஓர் இலக்கணம் மயக்கமானதா என்று எல்லா இலக்கணங்களுக்கும் பொதுவாகச் சோதித்துச் சொல்லும் செயல்முறை இருக்க முடியாது. கணிதம் அதை நிரூபித்திருக்கிறது. ஆனால் சில குறுகிய வகை இலக்கணங்கள் கட்டாயம் மயக்கமற்றவை. லோஜ்பான் உருவாக்கியவர்கள் அந்த வகை ஒன்றையே தேர்ந்தெடுத்தார்கள்: ஒரே ஒரு சொல்லை முன்னோக்கிப் பார்த்து அடுத்த அடியைத் தீர்மானிக்கக்கூடிய இலக்கணம். நிரல்மொழிகளுக்குத் தொகுப்பி எழுதப் பயன்பட்ட யாக் என்ற கருவியிடம் அதைக் கொடுத்தார்கள். கருவி மோதல் எதுவும் காட்டாமல் ஏற்றுக்கொண்டால் இலக்கணம் மயக்கமற்றது என்பது உறுதி. இயற்கை மொழி எதுவும் இந்தத் தேர்வில் தேறாது.

ஆனால் மூடுசொற்களை 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்று நேரடியாக இலக்கணத்தில் எழுதினால் இலக்கணம் உடனே மயக்கமாகிவிடும். மேலே பார்த்த 'கெய்' இல்லாத வாக்கியத்துக்கு இரண்டு மரவரைபடங்கள் கிடைக்கும். எனவே வேறு வழி செய்தார்கள். இலக்கணத்தில் மூடுசொல் இருக்க வேண்டிய இடம் நிரந்தரமாக இருக்கும். அடுத்த சொல் எங்கும் பொருந்தாமல் கருவி பிழையில் சிக்கும்போது, அந்த இடத்தில் மூடுசொல் விடுபட்டதாக எடுத்துக்கொண்டு மேலே செல்லும். பிழையிலிருந்து மீளும் வசதியையே விடுபட்ட சொல்லை நிரப்பும் கருவியாக்கிவிட்டார்கள். எனக்கு இது அழகான தீர்வாகப் படுகிறது. 'மிக உள்ளே இருப்பது முதலில் இழுக்கும்' என்று நான் சொன்னது இந்த நடத்தையின் எளிய வடிவம்தான்.

இதில் ஒரு நேர்மையான குறிப்பு தேவை. நிரூபணம் முழுமையாகப் பொருந்துவது எல்லா மூடுசொற்களும் இருக்கும் வடிவத்துக்கு. விடுபட்ட வடிவம் மயக்கமற்றதாக இருப்பது, நிரப்பும் முறை ஒவ்வொரு முறையும் ஒரே விடையைத் தருவதால். இரண்டும் ஒன்றில்லை. பின்னாளில் ஆர்வலர்கள் வேறு வகை இலக்கணத்தில் மொழியை எழுதினார்கள். அதில் மாற்று வழிகள் வரிசைப்படுத்தப்பட்டிருக்கும், முதலில் பொருந்துவதே வெல்லும். அந்த வகையில் எழுதப்பட்ட எதுவும் ஒரே ஒரு பகுப்பைத்தான் தரும், எவ்வளவு குழப்பமான மொழியாக இருந்தாலும். அதாவது அங்கே மயக்கமின்மை மொழியின் சாதனை இல்லை, குறியீட்டு முறையின் இயல்பு. ஆகவே 'கணினி ஒரே பகுப்பைத் தருகிறது' என்பதை மட்டும் காட்டி மொழியைப் புகழ்வது பலவீனமான வாதம். அந்த ஒரே பகுப்பை மனிதர் ஒருவர் தலைக்குள்ளேயே, கேட்கும் வேகத்தில், எளிய விதியால் கண்டுபிடிக்க முடிகிறதா என்பதுதான் உண்மையான அளவுகோல். 'ஷு'வையும் 'கு'வையும் பொறுத்தவரை முடிகிறது. மூன்று நான்கு 'நு' ஒன்றுக்குள் ஒன்றாக வந்தால் எனக்குத் தெரிந்து யாராலும் தடுமாறாமல் முடிவதில்லை.

மயக்கம் என்ற சொல்லை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதையும் சொல்ல வேண்டும். லோஜ்பான் நீக்குவது அமைப்பு மயக்கத்தை. பொருள் தெளிவின்மையை அது வேண்டுமென்றே அனுமதிக்கிறது. 'மி க்லாமா' என்றால் போனேனா, போகிறேனா, போவேனா? சொல்லவில்லை. எங்கே? சொல்லவில்லை. காலியாக விட்ட ஒவ்வோர் இடத்திலும் 'ஜோஹெ', அதாவது 'ஏதோ ஒன்று', இருப்பதாகக் கொள்ள வேண்டும். 'லோ கெர்கு' ஒரு நாயா பல நாய்களா என்பதும் திறந்தே இருக்கிறது. இங்கெல்லாம் விடுவது உண்மையான விருப்பம்: காலத்தையும் எண்ணிக்கையையும் சொல்லாவிட்டால் செய்தி குறையும், அமைப்பு மாறாது. மூடுசொல்லை விடுவதும் இதுவும் ஒன்றென்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

'தன்ரு' எனப்படும் அடைத்தொடர்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. 'பர்தா கெர்கு ஜ்தானி': பெரிய, நாய், வீடு. எது எதோடு சேரும் என்பதில் ஐயமில்லை, இடமிருந்து இரண்டிரண்டாகச் சேரும். ஆகவே '(பெரிய நாய்) வீடு'. பெரிய நாய்வீடு என்று சொல்ல 'பர்தா கெர்கு போ ஜ்தானி' என்று நடுவில் 'போ' போட வேண்டும். ஆனால் நாய்க்கும் வீட்டுக்கும் என்ன உறவு? நாய் வாழும் வீடா, நாய் வடிவ வீடா, நாய் காக்கும் வீடா? மொழி சொல்லாது. தமிழ் இலக்கணம் தொகைநிலைத் தொடர்களைப் பல விதமாக விரிக்கலாம் என்று சொல்வதைப் போலத்தான் இதுவும். கூட்டல் அமைப்பு உறுதி, உறவு கேட்பவரிடம்.

இறுதியாக, நடைமுறையில் என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். சில மாதங்களுக்கு வாக்கிய நடுவில் வரும் மூடுசொற்களை எல்லாம் எழுதிப் பழகுங்கள், கடைசியில் வருவதை மட்டும் விடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் லோஜ்பான் பகுப்பான் ஒன்றில் இரண்டு வடிவங்களையும் கொடுத்துப் பாருங்கள். அவை விடுபட்ட சொற்களை நிரப்பி அடைப்புக்குறிகளோடு காட்டும். இரண்டின் அடைப்புகளும் ஒன்றாக இருந்தால் விடலாம், வேறாக இருந்தால் அந்தச் சொல் அங்கே கட்டாயம். பகுப்பான் பிழை காட்டவில்லை என்பதை மட்டும் வைத்துத் திருப்தி அடைய வேண்டாம். 'பு மி க்லாமா' பிழையில்லாமல் தேறிவிடும் என்பதைப் பார்த்தீர்கள். முதலில் 'நு'வும் 'நொய்'யும் உள்ள வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள், விதி எப்படி இழுக்கிறது என்பது அவற்றில்தான் வேகமாகப் பிடிபடும்.